லில்லிபாய் வீட்டுத் தூக்குவாளியும் மூணு ஸ்பீக்கரும்

பெர்சிஸ் மூணாவது கம்பிய மேல தள்ளி ஒரு சுரத்த வளைச்சு நிறுத்துன அந்த நொடியிலதான் எல்லாம் கெட்டுது. பெட்டிக்குள்ள இருந்து பழைய வேட்டியக் கிழிச்ச மாதிரி டர்ருன்னு ஒரு சத்தம், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல, விரல் ஓடுது, கம்பி அதிருது, பெட்டியில செவப்பு லைட்டு எரியுது, ஆனா எபனேசர்புரம் கோயில்ல பாட்டுப் பழகிட்டிருந்த அத்தன பேரும் வாயத் தொறந்தபடி அப்படியே நிக்காங்க, ஏன்னா கிட்டார் எடுத்துக் குடுத்தாத்தான் எங்க ஆரம்பிக்கணும்னு அவங்களுக்குத் தெரியும்.

திருகாணியக் கழத்திப் பின்பலகைய எடுத்துப் பாத்தா, ஸ்பீக்கரோட காகிதக் கூம்பு ஓரத்துல இருந்து நடு வரைக்கும் கிழிஞ்சு தொங்குது. பத்து இஞ்ச் ஸ்பீக்கர், மின்தடை எட்டு ஓம். சின்னப் பெட்டிதான், ஒரு கையில தூக்கிரலாம், ஆனா அது கோயிலுக்குள்ள வர்றதுக்கு பெர்சிஸ் பட்டபாடு சின்னப் பாடு இல்ல. பாடகர் குழுவுக்குத் தலைவர் எட்வின் சார், பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார், கரண்ட்ல ஓடுற கிட்டார்னாலே அது சினிமாக் கச்சேரிக்குள்ளதுன்னு நெனைக்குற ஆளு. அவரச் சரிக்கட்டி, ஆர்மோனியத்துக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி வாங்குறதுக்குள்ள அவளுக்குப் பள்ளிக்கூடமும் முடிஞ்சு காலேஜும் முடிஞ்சுபோச்சு.

எட்வின் சார் கிழிஞ்ச கூம்ப எட்டிப் பாத்தாரு. கோவமே படல. கோவப்பட்டாக்கூடப் பரவால்லன்னு இருந்துச்சு அவளுக்கு.

"பிரதிஷ்டைப் பண்டிகைக்குள்ள சரி பண்ணிருவியாம்மா?"

"பண்ணிருவேன் சார். ஸ்பீக்கர மட்டும் மாத்தணும்."

"பண்ணு. பண்டிகை ஆராதனையில கிட்டார் சத்தம் கோயிலுக்குள்ள கேக்கணும். கேக்கலன்னா நம்ம ரூபன் கீபோர்டுல கிட்டார்னு ஒரு பட்டன் இருக்கு. நாற்காலி ஒண்ணு மிச்சம்."

ரூபன் அவரோட அக்கா மகன். கீபோர்டுக்குப் பின்னால உக்காந்து பாவம் போல முழிச்சான். "அந்தப் பட்டன அமுக்குனா மாவரைக்குற மெஷின் சத்தந்தான் மாமா வருது"ன்னு சொன்னான், அத யாரும் காதுல வாங்கல.

பெர்சிஸ் தூத்துக்குடி டவுன்ல பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கவுன்டர்ல நிக்கிறவ. பிரேக் கட்டையில எது அசல் எது போலின்னு கையில வாங்குன உடனே சொல்லுவா. ஒரு ஸ்பேர எடுத்துட்டு இன்னொரு ஸ்பேர் போடுறதுல கொழம்புறதுக்கு என்ன இருக்குன்னுதான் நெனைச்சா. அங்கதான் அவ கணக்கு தப்புச்சு.

மொத ஸ்பீக்கர் டவுன்ல ஒரு சவுண்ட் சர்வீஸ்ல இருந்து வந்துச்சு. கல்யாண மண்டபத்துப் பெட்டியில கெடந்தது, பின்னால அம்மிக்கல்லு மாதிரி பெரிய கருப்புக் காந்தம், பெரைட்டுன்னு சொல்லுவாங்க, தூக்கும்போதே இடுப்பு கேக்கும். நல்ல அடிச்சத்தம் வரும், கூம்பு கெட்டி, கிழியவே கிழியாதுன்னு கடைக்காரரு சத்தியம் பண்ணாத கொறை. அவ கடிகாரத்துப் பேட்டரிய ரெண்டு முனையிலயும் தொட்டுப் பாத்தா, கூம்பு முன்னால வந்து நின்னுச்சு, அப்ப பிளஸ் மைனஸ் சரி. ஒயர மாட்டி, சாயங்காலம் பாட்டுப் பழகுறப்ப மொத சுரத்தத் தட்டுனா, பெட்டி கம்முன்னு இருக்கு. போச்சுன்னு தலை நிமுந்தா, எல்லாரும் தலைய ஆட்டி ரசிச்சுக்கிட்டு இருக்காங்க.

அந்த நேரத்துல சன்னல் வழியா சாலமோன் அண்ணாச்சி எட்டிப் பாத்தாரு. அவருதான் கோயில் அசனத்துக்குச் சமையல். கோயில் படைச்ச நாளக் கொண்டாடுற பிரதிஷ்டைப் பண்டிகை அன்னிக்கு ஊரே சேந்து ஆக்கி ஊரே சேந்து சாப்புடுற சாப்பாடுதான் அசனம், அதுக்குள்ள அண்டாவயெல்லாம் பொறத்தால இருக்குற சாமான் அறையில புளி போட்டு வெளக்கிக்கிட்டு இருந்தாரு.

"ஏ புள்ள, பைய வாசி. அண்டா உருளுது."

கிட்டார் சத்தம் அண்டாவுக்குள்ள இருந்து வந்துக்கிட்டு இருந்துச்சு. அவ்வளவுதான் விசயம். கம்பிய இங்க தட்டுனா அங்க அண்டா பாடுது, சன்னல் வழியா கோயில் பூராவும் கேக்குது, கம்பியில கை வச்சிருக்குற ஆளுக்கு மட்டும் கேக்காது. அவ கைய எடுத்துட்டு ஓடிப்போய் அண்டாவுக்குள்ள காத வச்சா, வாசிப்பு நின்னுபோச்சே, அங்க என்ன கேக்கும், புளிவாடைதான் வரும்.

ஏன் இப்படின்னு எபனேசர்புரத்துல யாரும் ரொம்ப மண்டையப் போட்டு ஒடைக்கல. உப்பளக் காத்துக்குக் கம்பியெல்லாம் இப்படித்தான் ஆகும்னு கரண்ட் வேலை பாக்குறவரு சொன்னாரு. பெட்டிய மொதநாள் கோயில்ல வச்சு ஜெபிச்சப்ப இதோட தொனி ஊரெல்லாம் கேக்கட்டும்னு ஐயர், கோயில் பாதிரியாரு, கேட்டுட்டாரு, கேட்டது கெடைச்சிருக்குன்னு ஐயரம்மா சொன்னாங்க. ரெண்டையும் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. அதுக்கு மேல அவங்களுக்கு வேண்டியது ஏன்ங்கறது இல்ல, எப்படி இருக்குங்கறதுதான்.

"எப்படி இருக்கு அண்ணாச்சி?"ன்னு பெர்சிஸ் கேட்டா. தன் கையால வாசிச்சத அடுத்த ஆளுகிட்ட எப்படி இருக்குன்னு கேக்குறது, தான் வச்ச கொழம்ப நாக்கு செத்துப்போய் இன்னொருத்தர்ட்ட உப்புப் பாக்கக் குடுக்குற மாதிரி.

சாலமோன் அண்ணாச்சி யோசிச்சாரு. "அடியில நல்லா இருக்கு. மேல ஒண்ணும் இல்ல. பருப்பு வெந்துருச்சு, தாளிப்பு போடல."

அதுவே பெரிய வெவரம். ஆனா அதுல ஒரு சிக்கல் இருந்துச்சு, அத எட்வின் சார்தான் கண்டுபிடிச்சாரு, கணக்கு வாத்தியார் இல்லியா. ஒரு அண்டாவுல தண்ணி புடிச்சாங்க, அந்த அண்டா ஊமையாச்சு. இன்னொண்ணுல புடிச்சாங்க, அதுவும் ஊமையாச்சு. வெறும் பாத்திரத்துலதான் சத்தம் நிக்கும். பண்டிகை அன்னிக்கு எல்லா அண்டாவுலயும் சோறு வெந்துக்கிட்டு இருக்கும். அசனத்த நிறுத்திட்டு கிட்டார் கேக்குறதுக்கு எபனேசர்புரத்துல யாருக்கும் கோட்டி புடிக்கல.

ரெண்டாவது ஸ்பீக்கர் அவ ஆன்லைன்ல வரவழைச்சது. புது மாடலு, காந்தம் உள்ளங்கைக்குள்ள அடங்கும், ஆனா இழுப்பு பெரிய காந்தத்துக்குச் சமம்னு போட்டிருந்துச்சு, எடை ஒரு பூசணிக்கீத்து அளவுகூட இல்ல. பெர்சிஸுக்கு ஆசை ஆசையா இருந்துச்சு, கூம்ப மோந்துகூடப் பாத்தா, புது நோட்டு வாசம். மாட்டி வாசிச்சா, இந்தத் தடவை சத்தம் தெருவுல இருக்குற எவர்சில்வர் டம்ளருக்கெல்லாம் போயிருச்சு. ஒரு டம்ளருக்கு ஒரு சுரம். எந்த வீட்டுலயும் பாட்டு முழுசா இல்ல. தவமணி அக்கா வீட்டுல இருக்குறது ஒரே டம்ளரு, அதுக்கு வந்தது பாட்டுல ஒரே ஒருதரம் வர்ற சுரம், அந்தம்மா அடுப்ப அணைச்சுட்டு அது வர்ற வரைக்கும் டம்ளர மடியில வச்சுக் காத்துக்கிட்டு இருக்கும், வந்து டிங்குன்னு ஒருதரம் அடிச்சதும் சரின்னு எந்திரிச்சுப் போய் மறுபடி அடுப்பப் பத்த வைக்கும்.

ஊரு இதுக்கும் ஒரு வழி பண்ணுச்சு. ஆளுக்கொரு டம்ளரோட கோயிலுக்கு வந்தாங்க. எட்வின் சார் சுரவரிசைப்படி உக்கார வச்சாரு. அதுல வந்த சண்டை கொஞ்சமில்ல.

"எங்க வீட்டு டம்ளருக்கு ஏன் கீழ் சுரம்? சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னால நான் கடைசி வரிசையில உக்காரணுமா?"

"உங்க டம்ளரு அடி நசுங்குன டம்ளரு. வேற என்ன வரும்?"

"நசுக்குனது யாரு? போன அசனத்துல உங்க மகன் பந்தா அடிச்சான்."

பாட்டு நல்லாத்தான் வந்துச்சாம், கொஞ்சம் தகரமா, கொசு பாடுற மாதிரி மெல்லிசா. ஆனா எவனுக்காவது தாகம் எடுத்து டம்ளர்ல தண்ணி ஊத்துனா அங்க ஒரு சுரம் காணாமப்போயிரும், பாட்டு பல்லு விழுந்த வாய் மாதிரி ஆயிரும். பங்குனி வெயில்ல தூத்துக்குடிக்காரன்ட்ட தண்ணி குடிக்காதன்னு சொல்ல முடியுமா. ரெண்டாவது ஸ்பீக்கரும் கழண்டுச்சு.

பெர்சிஸுக்குத் தலை சுத்துச்சு. கடையில ஒருத்தரு செயின் கேட்டா கிளட்ச் கேபிள எடுத்துக் குடுத்தா. பெரிய காந்தமா சின்னக் காந்தமா, கெட்டிக் கூம்பா மெல்லிசுக் கூம்பா, இதையெல்லாம் காதால கேட்டுத்தான முடிவு பண்ணணும், அவ காது மட்டும் வெளிய நிக்குது. அண்ணாச்சி தாளிப்புங்காரு, எதுத்த வீட்டு அக்கா பழைய தாவணிங்கா, ஐயரு இன்னும் கொஞ்சம் பக்தியா இருக்கலாம்ங்காரு, ரூபன் மட்டும் "மிட்ரேஞ்ச், நடுச் சத்தம், கம்மியா இருக்கு பெர்சி"ன்னான், எதிராளி சொன்னதுதான் அவளுக்குப் புரிஞ்ச ஒரே வார்த்தை, அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலா இருந்துச்சு. இப்ப தெருவுல எல்லாரும் ஸ்பீக்கர் வைத்தியராயிட்டாங்க. பால்காரரு சைக்கிள நிறுத்தி, "ஓம் கூட்டிப் பாத்தியாம்மா?"ன்னு கேட்டுட்டுப் போறாரு.

அப்பத்தான் கப்பல்ல வேலை பாக்குற டைட்டஸ் அத்தான் லீவுல வந்தாரு. ஏதோ ஒரு துறைமுகத்துப் பழைய சாமான் கடையில, உனக்கு ஆகும்னு வாங்குனேன்னு ஒரு சட்டைக்குள்ள சுத்தி ஒரு ஸ்பீக்கரக் குடுத்தாரு. பிரிச்சா, ஆல்னிக்கோ காந்தம், மணி மாதிரி மூடி போட்டது, இப்பெல்லாம் பாக்கக் கெடைக்காதது, கூம்பு பழுப்பேறி, தட்டுனா அப்பளம் மாதிரி ஒரு சன்னமான ஓசை. உலகத்துல கிட்டார் புடிக்கிறவனெல்லாம் ஏங்குற சாமான். பேட்டரி வச்சா கூம்பு மூச்சு விட்ட மாதிரி முன்னால வந்துச்சு. மாட்டி வாசிச்சா, எங்கயுமே ஒண்ணும் இல்ல. அண்டா பேசல. டம்ளர் பேசல. பாடகர் குழு மொத்தமும் வீடு வீடா போய்க் கொடத்தத் தொறந்து பாத்துச்சு, குக்கரத் தொறந்து பாத்துச்சு, பெர்சிஸ் இங்க விடாம வாசிச்சுக்கிட்டே இருக்கா. கடைசியில ரூபன் மூச்சு வாங்க ஓடியாந்தான்.

"லில்லிபாய் சித்தி வீட்ல கேக்குது."

அந்த வீட்டுப் பக்கம் கோயில்காரங்க போயிப் பல வருசம் ஆச்சு, அந்த வீட்டுல இருந்து கோயிலுக்கு வந்தும் பல வருசம் ஆச்சு.

அது ஒரு மூடிச் சண்டை. அசனத்தன்னிக்கு ஒவ்வொரு வீட்டுல இருந்தும் பேரு வெட்டுன தூக்குவாளி வரும், மைதானத்துல வரிசையா வைப்பாங்க, வீட்டுல இருக்குற சீக்காளிக்கும் வேலைக்குப் போனவங்களுக்கும் சோறும் கறியும் அதுல ஊத்திக் குடுப்பாங்க. தொறந்திருந்தா ஊத்தணும், மூடியிருந்தா ஊத்தியாச்சு, இதுதான் ஊரு வழக்கம், யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்குறதில்ல. அந்த வருசம் லில்லிபாய் வாளி மூடியிருந்துச்சு. சாலமோன் அண்ணாச்சி நெறைஞ்ச வரிசையில எடுத்து வச்சாரு. லில்லிபாய் வீட்டுக்குக் கொண்டுபோய், படுக்கையில கெடந்த புருசன் முன்னால மூடியத் தொறந்தா, வாளி வெறுசா இருக்கு. அந்த மனுசன் அசனச் சோறு சாப்புடாமயே அந்த மாசம் போய்ச் சேந்துட்டாரு. வெறும் வாளிய மூடி, செவுத்துல ஆணியடிச்சு மாட்டுனதுதான், அப்புறம் அது எறங்கவும் இல்ல, லில்லிபாய் கோயில் படி ஏறவும் இல்ல. பாத்திரம் வராம சோறு போகாதுங்கறதும் ஊரு வழக்கம். அதனால அடுத்தடுத்த அசனத்துக்கும் அந்த வீட்டுக்கு ஒண்ணும் போகல.

இப்ப அந்த வாளிக்குள்ள இருந்துதான் பாட்டு வருது.

பெர்சிஸ் போனப்ப லில்லிபாய் தையல் மெஷின்ல உக்காந்திருந்தா. செவுத்துல வாளி, மூடி தொறந்து பக்கத்துல கெடந்துச்சு.

"நீதான் வாசிக்கிறவளா? இதுதான் அந்தக் கை?"ன்னு அவ கையப் புடிச்சுத் திருப்பிப் பாத்தா. "உள்ள ஏதோ எலி உருளுதுன்னுதான் மூடியத் தொறந்தேன். தொறந்தா பாட்டு. ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வச்சு தைக்க வேண்டியது, பாட்டு கேட்டுக்கிட்டே ரெண்டும் இடதுகையா தைச்சுட்டேன்."

"எப்படி இருக்கு சித்தி? மேல் சத்தம் வருதா? கீழ அமுங்காம இருக்கா? கம்பிய வளைக்கும்போது கரகரன்னு ஒடையுதா, இல்ல வழுக்கிட்டுப் போகுதா?"

"இதெல்லாம் நான் என்னத்தக் கண்டேன். நல்லா இருக்கு. போய் வாசி."

அன்னையில இருந்து தெருவே அந்த வீட்டு வாசல்ல நிக்குது. சும்மா நிக்க முடியுமா, பேச்சு வார்த்த இல்லாத வீடு, அதனால ஒருத்தி பிளவுஸ் லூஸ் பண்ணணும்ங்கா, ஒருத்தி கொக்கி வைக்கணும்ங்கா, தொளதொளன்னு இருக்குற பிளவுஸையே இன்னும் லூஸ் பண்ணக் கொண்டாந்தவளும் உண்டு. எல்லாரும் ஒரே வாக்கா சொல்லிட்டாங்க, மூணு ஸ்பீக்கர்ல இதுதான் ஸ்பீக்கர். பருப்பும் இருக்கு தாளிப்பும் இருக்குன்னு கேள்விப்பட்டு சாலமோன் அண்ணாச்சி மட்டும் தெருமுனை வரைக்கும் வருவாரு, நிப்பாரு, செருப்புல ஏதோ ஒட்டுன மாதிரி குனிஞ்சு பாத்துட்டுத் திரும்பிப் போயிருவாரு.

பெர்சிஸுக்கு ஒரு யோசனை வந்துச்சு. வாளியக் கோயிலுக்குக் கொண்டாந்து பெட்டிக்குப் பக்கத்துல வச்சுட்டா முடிஞ்சுது. அவ மறுபடி போனா.

"பண்டிகைக்கு மட்டும் கொண்டு வாங்க சித்தி. இல்ல எங்கிட்டக் குடுங்க, நான் தூக்கிட்டுப் போறேன்."

லில்லிபாய் மெஷின நிறுத்துனா. "அன்னிக்கு அசனமா?"

"ஆமா."

"அசனத்தன்னிக்குப் பேரு வெட்டுன வாளி கோயிலுக்கு வந்தா ஊத்தணும். ஊத்துனா சத்தம் செத்துரும். ஊத்தாம விட்டா, ஊரறிய எனக்கு ரெண்டாவது தடவை வெறும் வாளி. எதச் செய்யச் சொல்லுத?"

எந்தக் கடையிலயும் இதுக்கு ஸ்பேர் கெடையாது.

"மொத ஸ்பீக்கரயே மாட்டிக்கோ"ன்னு லில்லிபாய் சொன்னா. சொல்லும்போது வாளியத்தான் பாத்தா.

பண்டிகை வந்துச்சு. காலையிலயே அண்டா எல்லாம் அடுப்புல ஏறிருச்சு, டம்ளரெல்லாம் பந்திக்குப் போயிருச்சு, மொத ஸ்பீக்கர மாட்டுனாலும் ஒண்ணுதான், ரெண்டாவத மாட்டுனாலும் ஒண்ணுதான். பெர்சிஸ் மூணாவதையே மாட்டிக்கிட்டு வந்து தன் நாற்காலியில உக்காந்தா. மொத பாட்டுக்கு எடுத்துக் குடுத்தா. விரல் ஓடுது, கோயில் நெறைய சனம், பட்டுப்பொடவை சரசரக்குற சத்தம் கேக்குது, விசிறி சுத்துற சத்தம் கேக்குது, கிட்டார் கேக்கல. எட்வின் சார் கொஞ்ச நேரம் பொறுத்தாரு. அப்புறம் ரூபன் பக்கம் திரும்பித் தலைய ஆட்டுனாரு. ரூபன் தயங்கித் தயங்கிப் பட்டன அமுக்குனான். மாவரைக்குற மெஷின் சத்தத்துல சபை எந்திரிச்சு நின்னு பாடுச்சு.

நாற்காலி போயிருச்சு. அது பெர்சிஸுக்குத் தெரிஞ்சுபோச்சு. அழுகை வரும்னு பாத்தா, வரல, வேற ஒண்ணு வந்துச்சு. இத்தன நாளா மூணு ஸ்பீக்கர மாத்திப் பாத்திருக்கா, ஒண்ணோட சத்தத்தயும் அவ கேக்கவே இல்ல. பாட்டு முடிஞ்சு ஐயரு பிரசங்கத்துக்கு ஏறுன நேரம் கிட்டாரக் கழட்டி ரூபன் மடியில வச்சா.

"உனக்கு வாசிக்கத் தெரியும்லா?"

"கொஞ்சம். ஏன்?"

"நீ வாசி. நான் போய்க் கேட்டுட்டு வாரேன்."

"பிரசங்கம் ஓடுது பெர்சி."

"ஓடட்டும். இங்கதான் ஒண்ணும் கேக்காதுல்லா."

ரூபன் கிட்டாரையும் தன் மாமாவையும் மாறி மாறிப் பாத்தான். அப்புறம் மாட்டிக்கிட்டான். அவனுக்கும் ரொம்ப நாளா ஆசை.

பெர்சிஸ் பண்டிகைப் பொடவையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு அடுப்புப் பொகைக்குள்ள பூந்து, சாலமோன் அண்ணாச்சி எங்க புள்ள ஓடுதன்னு கேக்கக் கேக்க, ரெண்டு தெரு தாண்டி ஓடுனா. லில்லிபாய் வீட்டு வாசல்லயே கேட்டுச்சு. படியில ஒரு கால வச்சபடி அப்படியே நின்னா. வாளிக்குள்ள இருந்து ஒவ்வொரு சுரமும் பனங்கெழங்கு உரிச்ச மாதிரி நாரு நாரா, முழுசா, சூடா வருது, கம்பி வளையுற எடத்துல ஒடையவும் இல்ல வழுக்கவும் இல்ல, ஒரு ஆளு யோசிச்சுத் திரும்புற மாதிரி திரும்புது. எல்லாரும் சொன்னது நெசம். ஆனா இது ஸ்பீக்கரோட அழகா, ரூபன் கையோட அழகான்னு அவளுக்குத் தெரியல, அது தெரியாமக் கெடந்து கொழம்புனா.

"சித்தி, நான் வாசிச்சாலும் இப்படித்தான் கேக்குமா?"

"இல்ல"ன்னா லில்லிபாய்.

பெர்சிஸ் படியிலயே உக்காந்துட்டா.

"இது நீ இல்லன்னு மொத வரியிலயே தெரிஞ்சுபோச்சு. இவன் நல்லா வாசிக்கான், ஒரு தப்பு வரல. நீ வாசிச்சா ரெண்டாவது அடியில ஒரு எடத்துல நிப்ப. வாசல்ல செருப்பக் கழட்டிப் போடுதவ மாதிரி, ஒரு நிமிசம். அப்புறம்தான் உள்ள வருவ. நான் மெஷின நிறுத்திட்டு அந்த எடத்துக்குத்தான் காத்துக்கிட்டு இருப்பேன்."

அது பெர்சிஸுக்குத் தெரிஞ்ச எடந்தான். நாலாவது விரல் எட்டாம திணறுற எடம், இத்தன வருசமா சரி பண்ணிரணும்னு பழகிப் பழகித் தோத்த எடம். எட்வின் சார் அந்த எடம் வரும்போதெல்லாம் கண்ண மூடிக்குவாரு. அவ வாளியப் பாத்தா. உள்ள ரூபன் தப்பில்லாம வாசிச்சுக்கிட்டே இருந்தான்.

வாசல்ல நெழல் விழுந்துச்சு. சாலமோன் அண்ணாச்சி. ஒரு கையில சோத்துவாளி, ஒரு கையில கறிவாளி, தோள்ல துண்டு, மேலெல்லாம் பொகை.

"பாத்திரம் வரல"ன்னு லில்லிபாய் சொன்னா.

"வரல. நான் வந்துட்டேன்."

அண்ணாச்சி ரெண்டு வாளியயும் தரையில எறக்கி வச்சு, கரண்டிய எடுத்துக்கிட்டாரு.

"மூடி போட்டிருந்துச்சு, லில்லிபாய்."

"காக்கா கொத்தும்னு மூடுனேன், அண்ணாச்சி."

"கையில தூக்குனப்பக் கனமில்லன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அன்னிக்கு நூறு வாளி தூக்குன கை."

அவரு செவுத்துல இருந்த தூக்குவாளிய நோக்கிக் கரண்டிய நீட்டுனாரு. லில்லிபாய் எந்திரிச்சு வாளிக்கு முன்னால போய் நின்னுக்கிட்டா.

"அதுல வேண்டாம். தட்டு இருக்கு."

தட்டு எடுத்தா. அண்ணாச்சி சோறு வச்சு, கறி ஊத்தி, இன்னும் கொஞ்சம் ஊத்தி, தட்டு கொள்ளாம வழிய வழிய ஊத்துனாரு. வாளி வெறுசாவே தொங்குச்சு. அவரு அப்பத்தான் முழுசா நின்னு கேட்டாரு, தலையச் சாய்ச்சு, ஒரு கண்ண மூடி, உப்புப் பாக்குற மாதிரி.

"யாரு வாசிக்கா? சரியாத்தான் இருக்கு, ஆனா ஏதோ ஒண்ணு போடல."

"இவ இங்க உக்காந்திருக்காள்லா"ன்னு லில்லிபாய் சோத்தப் பெசைஞ்சுக்கிட்டே சொன்னா. "ஏ புள்ள, போ. போய் வாசி. சாப்புடும்போது கேக்கணும்."

பெர்சிஸ் கோயிலுக்குத் திரும்பி வந்தப்ப ஆராதனை முடிஞ்சு சனமெல்லாம் பந்திக்குப் போயிருந்துச்சு. உள்ள ரூபனும் எட்வின் சாரும் மட்டும். ரூபன் கிட்டாரக் கழட்டி நீட்டுனான். எட்வின் சார் கண்ணாடியத் தொடைச்சுக்கிட்டே கேட்டாரு.

"அங்க கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சார். சித்தி சாப்புடுறாங்க. அண்ணாச்சி பரிமாறுறாரு."

எட்வின் சார் தொடைச்ச கண்ணாடியவே மறுபடி தொடைச்சாரு. "கோயிலுக்குள்ள கேக்கணும்னு சொன்னேன்"னு ஆரம்பிச்சாரு, அப்புறம் கணக்குல எங்கயோ ஒரு சைபர விட்டவரு மாதிரி நிறுத்துனாரு. "அந்த வீடு சபையில இருந்து பேரு அடிச்ச வீடு இல்லியே. அதுவும் சபைதான், சபைதான கோயில். அப்ப கேட்டுச்சுன்னுதான் அர்த்தம்." நாற்காலிய அவரே காலால கொஞ்சம் முன்னால தள்ளி வச்சாரு.

பெர்சிஸ் உக்காந்து வாசிச்சா. வெளிய பந்தியில எல போடுற சத்தம், ரசத்துக்குக் கூப்புடுற சத்தம், கோயிலுக்குள்ள ஒண்ணுமே இல்ல. ரெண்டாவது அடி வந்துச்சு. நாலாவது விரல் எட்டாத எடம் வந்துச்சு. எப்பவும் திணறி நின்னுட்டு அவசரமா மூடி மறைச்சுத் தாண்டுற எடத்துல இந்தத் தடவை அவ வேணும்னே நின்னா, ரெண்டு தெருவுக்கு அங்க ஒருத்தி சோத்துக்கைய வாய்க்குக் கொண்டுபோகாம அப்படியே நிறுத்தியிருப்பாளேன்னு நின்னா, அப்புறம் உள்ள போனா.

இப்பவும் மூணாவது ஸ்பீக்கர்தான் மாட்டியிருக்கு. ஞாயித்துக்கெழம கோயில்ல ரூபன் கீபோர்டு கேக்கும், பக்கத்து நாற்காலியில பெர்சிஸ் சத்தமில்லாம வாசிப்பா, ஆராதனை முடிஞ்சதும் ஆளாளுக்கு லில்லிபாய் வீட்டுப் பக்கம் போய் இன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டுட்டுத்தான் சாப்பாட்டுக்குப் போவாங்க, பிளவுஸ் எல்லாம் இப்ப யாரும் கொண்டு போறதில்ல. மத்த ரெண்டு ஸ்பீக்கரும் கட்டிலுக்கு அடியில கெடக்கு. எதுதான் நெசமாவே நல்ல ஸ்பீக்கர்னு பெர்சிஸுக்கு இன்னும் கொழப்பந்தான், யாரு கேட்டாலும் மூணையும் சொல்லுதா. நீங்களும் கூம்பு கிழிஞ்சு ஸ்பீக்கர் மாத்துனவங்களா? எதப் போட்டீங்க, பெரிய காந்தமா, சின்னதா, பழசா? போட்டதுக்கப்புறம் உங்களுக்கும் சத்தம் கேக்காமப்போச்சா? போயிருந்தா, உங்க தெருவுல பேச்சு வார்த்த இல்லாம ஒரு வீடு இருக்கும்லா, அங்க போய்க் கேட்டுப் பாத்தீங்களா?